எம்டிடி கணக்கு இடறினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பிரிட்டனில் சொந்தத் தொழில் செய்பவர்களும் வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்களும் வரவு ஓர் எல்லையைத் தாண்டினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மென்பொருள் வழியாக வருமானக் கணக்கை எச்எம்ஆர்சி என்ற வரித்துறைக்கு அனுப்ப வேண்டும் என்ற ஏற்பாடு 6 ஏப்ரல் 2026 முதல் கட்டாயமாகியிருக்கிறது. முழுப்பெயர் மேக்கிங் டாக்ஸ் டிஜிட்டல். வாயில் வருவது எம்டிடி. நான் வடமேற்கு லண்டனில் சிறு கடைக்காரர்கள், டாக்ஸி ஓட்டுநர்கள், ஒன்றிரண்டு வீடு வாடகைக்கு விட்டவர்கள் ஆகியோருக்குக் கணக்கெழுதுகிறேன். சோதனைக் காலத்திலிருந்தே ஒரே கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

பலர் முதல் தடங்கலிலேயே மென்பொருளை மாற்றிவிடுகிறார்கள். சிலர் தெரிந்தவர் யாரிடமாவது பாஸ்வேர்டைக் கொடுத்து “நீங்களே பார்த்துவிடுங்கள்” என்கிறார்கள். இரண்டும் வேண்டாம். என் மேசைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை தவறான லாகின், தவறான தேதி, விடுபட்ட தொழில் பதிவு என்ற மூன்றில் ஒன்றாகவே இருந்தன. காசு செலவில்லாமல் தீர்ந்தவை அவை.

உங்களுக்கு நடப்பது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் எளிதான காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும்.

அறிகுறி: “லாபமே கொஞ்சம்தான், எம்டிடியில் சேரச் சொல்லி எனக்கு ஏன் கடிதம்?”

லாபத்தைப் பார்க்காதீர்கள். செலவு எதையும் கழிப்பதற்கு முன் கைக்கு வந்த மொத்த வரவைத்தான் எல்லைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். தொழில் வரவும் வாடகை வரவும் சேர்ந்து 2024-25 வரியாண்டில் 50,000 பவுணைத் தாண்டியிருந்தால் ஏப்ரல் 2026 முதல் எம்டிடிக்கு உள்ளே. 2025-26இல் 30,000 தாண்டினால் ஏப்ரல் 2027 முதல். 2026-27இல் 20,000 தாண்டினால் ஏப்ரல் 2028 முதல்.

சோதிப்பது சுலபம். அந்த ஆண்டு அனுப்பிய வரிக்கணக்கை எடுங்கள். தொழில் பக்கம் சுருக்கப் படிவமாக இருந்தால் 9ஆம் பெட்டி, முழுப் படிவமாக இருந்தால் 15ஆம் பெட்டி. வாடகைப் பக்கத்தில் 20ஆம் பெட்டி. இவற்றைக் கூட்டுங்கள். டாக்ஸியில் 28,000, வாடகையில் 24,000 என்றால் தனித்தனியே எதுவும் 50,000 இல்லை, சேர்ந்தால் 52,000. உள்ளேதான்.

கூட்டியது எல்லையைத் தாண்டவில்லை, ஆனாலும் கடிதம் வந்திருக்கிறதா? இவற்றைப் பாருங்கள்.

வீடு கணவன் மனைவி இருவர் பேரிலும் இருக்கிறதா? உங்கள் பங்கு மட்டுமே உங்கள் கணக்கில் சேரும். மொத்த வாடகை 72,000, பாதிப் பாதி என்றால் ஆளுக்கு 36,000. 2026இல் வெளியே, அதே அளவு வாடகை தொடர்ந்தால் 2027இல் இருவருமே உள்ளே. பழைய கணக்கில் முழு வாடகையையும் ஒருவர் பேரில் போட்டிருந்தால் கடிதம் வந்ததற்கு அதுவே காரணம். அந்தப் பழைய கணக்கைத் திருத்த வேண்டியிருக்கும். அங்கே நீங்களாகக் கை வைக்காமல் கணக்காளரிடம் போங்கள்.

கடை லிமிடெட் கம்பெனி பேரிலா, பார்ட்னர்ஷிப்பிலா? கம்பெனி வருமானமும் பார்ட்னர்ஷிப் பங்கும் இந்த எல்லைக்குள் சேராது. சம்பளம், பென்ஷன், வங்கி வட்டி, டிவிடெண்டும் சேராது. நம் ஆட்களின் கடைகள் நிறைய கணவன் மனைவி பார்ட்னர்ஷிப்பில்தான் ஓடுகின்றன. அந்தப் பங்கைத் தனித் தொழிலாகத் தப்பாக எழுதியிருக்கிறதா என்று படிவத்தைப் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. செயலி வழி டாக்ஸி ஓட்டுபவர்கள் வங்கிக்கு வந்த பணத்தை மட்டும் வரவாக எழுதுகிறார்கள். நிறுவனம் பிடித்த கமிஷனுக்கு முன்னால் உள்ள மொத்தக் கட்டணம்தான் வரவு, கமிஷன் செலவு. கட்டட வேலைக்காரர்களுக்கும் அப்படித்தான்: சிஐஎஸ் என்று வரிக்காக 20 சதவீதம் பிடிப்பதற்கு முந்திய தொகைதான் கணக்கு. அப்புறம், கொக்குவிலிலோ சென்னையிலோ வீடு வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? பிரிட்டனில் வரி வசிப்பிடம் உள்ளவருக்கு அந்த வாடகையும் எல்லைக்குள் சேரும். “அது ஊர்க் காசு” என்று விட்டுவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். இதுவரை அதைக் காட்டவே இல்லை என்றால், எம்டிடி பிரச்சினையைவிடப் பெரிய பிரச்சினை அதுதான். முதலில் வரி ஆலோசகரைப் பாருங்கள், இன்றே.

அறிகுறி: கடிதமே வரவில்லை

வராவிட்டாலும் பொறுப்பு போகாது. வீடு மாறியபோது எச்எம்ஆர்சிக்கு முகவரி சொல்லாதவர்களுக்குக் கடிதம் பழைய வீட்டுக்குப் போயிருக்கும். மேலே சொன்னபடி கூட்டிப் பாருங்கள். தாண்டினால் நீங்களே பதிவு செய்ய வேண்டும். அவர்கள் தாமாகச் சேர்த்துவிட மாட்டார்கள்.

கடிதத்துக்குப் பதில் குறுஞ்செய்தி வந்து, லிங்கைத் தட்டி வங்கி விவரம் கொடுக்கச் சொன்னால் அது மோசடி. 60599 என்ற எண்ணுக்கு அப்படியே அனுப்பிவிட்டு அழித்துவிடுங்கள்.

அறிகுறி: பதிவுப் பக்கம் உள்ளே விடவில்லை

முதலில் எந்த லாகின் என்று பாருங்கள். கடை வைத்திருப்பவரிடம் பெரும்பாலும் அரசுத் தளத்தில் நுழைவதற்கான கவர்மென்ட் கேட்வே ஐடிகள் இரண்டு மூன்று இருக்கும்: ஒன்று வாட் வரிக்கு, ஒன்று ஊழியர் சம்பளத்துக்கு, ஒன்று சொந்தப் பேரில். வேண்டியது உங்கள் செல்ஃப் அசெஸ்மென்ட், அதாவது ஆண்டுதோறும் நீங்கள் அனுப்பும் சொந்த வரிக்கணக்கு, தெரிகிற ஐடி. கவ் டாட் யுகே அரசுத் தளத்தில் நுழைந்து பாருங்கள். உங்கள் பெயரும் பழைய வருமானக் கணக்குகளும் வந்தால் அதுதான் சரியான ஐடி. வாட் மட்டும் தெரிந்தால் வெளியே வந்து அடுத்ததைப் போடுங்கள். வாட் வரிக்கு ஏற்கெனவே எம்டிடியில் இருப்பது இதற்குப் போதாது. இது தனிப் பதிவு.

ஐடி சரி, ஆனாலும் விடவில்லை என்றால் பெயரைப் பாருங்கள். இது நமக்கென்றே வரும் கோளாறு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முன்னால், உங்கள் பெயர் பின்னால். நேஷனல் இன்சூரன்ஸ் பதிவில் அது தலைகீழ். லைசென்ஸில் ஓர் எழுத்து கூட. அடையாளச் சோதனையில் மூன்றும் ஒத்துப்போகாமல் நிற்கும். கணக்காளர் உங்களுக்காகப் பதிவு செய்யும்போதும் பெயர், பிறந்த தேதி, நேஷனல் இன்சூரன்ஸ் எண் மூன்றும் எச்எம்ஆர்சி பதிவில் உள்ளபடியே இருக்க வேண்டும். அவர்கள் உங்களுக்கு எழுதிய பழைய கடிதம் ஒன்றை எடுத்து, அதில் எப்படி எழுதியிருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே போட்டுப் பாருங்கள். பதிவே பிழை என்றால் 0300 200 3310க்கு அழைத்துத் திருத்தச் சொல்லலாம். காத்திருக்கவைப்பார்கள். யுடிஆர் எண்ணையும் (எச்எம்ஆர்சி உங்களுக்குத் தந்த வரி எண்) நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

பெயரும் சரி என்றால், எந்த வரியாண்டைத் தேர்ந்தீர்கள் என்று பாருங்கள். நடப்பு ஆண்டா, அடுத்த ஆண்டா என்று பக்கம் கேட்கும். அவசரத்தில் அடுத்த ஆண்டைத் தட்டிவிட்டால் இந்த ஆண்டுக் கணக்கு மென்பொருளில் திறக்கவே திறக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் நிற்கிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். புதிது புதிதாகக் கேட்வே ஐடி உண்டாக்குவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் சிக்கலாக்கும் வேலை. ஒருவரிடம் ஐந்து ஐடி இருந்தது. எதில் எது பதிவாகியிருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது.

அறிகுறி: மென்பொருள் இணைந்துவிட்டது, ஆனால் தொழிலோ வாடகையோ தெரியவில்லை

இங்கே நான்கு காரணங்கள். வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். மனைவி காலையில் தன் வரிக்கணக்கைப் பார்த்திருக்கிறார். பிரவுசர் அவருடைய லாகினை நினைவில் வைத்திருக்கிறது. மாலையில் நீங்கள் மென்பொருளில் “எச்எம்ஆர்சியுடன் இணை” என்று தட்டுகிறீர்கள். அனுமதி அவர் பேரில் போய்விடுகிறது. மென்பொருளிலோ உங்கள் நேஷனல் இன்சூரன்ஸ் எண். பொருந்தவில்லை, அல்லது ஒன்றும் தெரியவில்லை. மென்பொருளில் இணைப்பைத் துண்டியுங்கள். பிரவுசரில் பிரைவேட் விண்டோ திறந்து, அங்கிருந்து உங்கள் ஐடியில் மறுபடி இணையுங்கள். இந்த ஒரு வேலையில் தீர்ந்தவற்றை எண்ணினால் விரல்கள் போதாது.

இரண்டாவது, எச்எம்ஆர்சி பக்கத்தில் அந்த வருமானம் பதிவாகவே இல்லை. புதிதாக வாடகைக்கு விட ஆரம்பித்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். உங்கள் ஆன்லைன் கணக்கில் தொழில்களின் பட்டியல் இருக்கும். அதில் இல்லாததை, அது தொடங்கிய தேதியோடு சேர்த்துவிடுங்கள். மூடிய கடை இன்னும் நிற்கிறதா? நிறுத்திய தேதியைப் போட்டு முடித்துவிடுங்கள். இல்லாத கடைக்கும் காலாண்டு அறிக்கை கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

மூன்றாவது, எண்ணிக்கை குழப்பம். பிரிட்டனில் எத்தனை வீடு விட்டிருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரே வாடகைத் தொழில். வெளிநாட்டு வீடு வேறு. ஒவ்வொரு தனித் தொழிலும் தனித்தனி. டாக்ஸியும் ஹாரோவில் இரண்டு வீடும் யாழ்ப்பாணத்தில் ஒரு வீடும் உள்ளவருக்கு மூன்று வரிசை தெரிய வேண்டும். ஆண்டுக்கு 12 காலாண்டு அறிக்கை. “எனக்கு மூன்று வீடு, ஏன் ஒன்றுதான் காட்டுகிறது?” என்று கேட்பவர்களுக்குக் கோளாறே இல்லை.

நான்காவதுதான் காசு செலவாகும் காரணம்: வாங்கிய மென்பொருள் வெளிநாட்டு வாடகையை ஏற்காது, அல்லது காலாண்டு அறிக்கை மட்டும் அனுப்பும், ஆண்டுக் கடைசிக் கணக்கை அனுப்பாது. வாங்குமுன் கவ் டாட் யுகேயில் உள்ள மென்பொருள் தேடும் பக்கத்தில் உங்கள் வருமான வகைகளைக் கொடுத்துப் பாருங்கள். இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. எச்எம்ஆர்சி தானாக ஒரு மென்பொருள் தருவதில்லை. அவர்களுடைய பழைய ஆன்லைன் படிவத்தில் எம்டிடி ஆண்டுக் கணக்கை அனுப்பவும் முடியாது.

*நேற்றுவரை வேலை செய்தது, இன்று அறுந்துவிட்டது என்றால்:* எச்எம்ஆர்சிக்கு அனுப்புவதற்கு மென்பொருள் உங்களிடம் வாங்கிய அனுமதி 18 மாதத்தில் காலாவதியாகும்; மறுபடி இணைத்தால் போதும். வங்கி வரவுகள் மட்டும் நின்றிருந்தால் அது வேறு அனுமதி. 90 நாளுக்கு ஒருமுறை உறுதிசெய்யச் சொல்லும். இடையில் விடுபட்ட நாள்களின் வரவுகள் உள்ளே வந்தனவா என்று தேதி பார்த்துச் சரிபாருங்கள். சில நேரம் வராது.

அறிகுறி: காலாண்டுத் தேதிகள் ஒத்துப்போகவில்லை

வழக்கமான காலாண்டு 6 ஏப்ரல் முதல் 5 ஜூலை வரை. பிறகு 5 அக்டோபர், 5 ஜனவரி, 5 ஏப்ரல். மாதக் கடைசியோடு முடித்தால் வசதி என்பவர்கள் 1 ஏப்ரல் முதல் 30 ஜூன் என்ற காலண்டர் காலாண்டைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் அந்த ஆண்டின் முதல் அறிக்கை போவதற்கு முன் தேர்ந்திருக்க வேண்டும். மென்பொருள் 30 ஜூன் என்கிறது, எச்எம்ஆர்சி 5 ஜூலை என்கிறது என்றால் அந்தத் தேர்வு பதிவாகவில்லை. முதல் அறிக்கை போகவில்லையா, இப்போதே அமைப்பில் மாற்றுங்கள். போய்விட்டதா, இந்த ஆண்டு 5ஆம் தேதிக் கணக்கோடு போங்கள்.

எதைத் தேர்ந்தாலும் கடைசி நாள் மாறாது: 7 ஆகஸ்ட், 7 நவம்பர், 7 பிப்ரவரி, 7 மே.

அறிகுறி: வரவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுகிறது

இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் வரி உங்கள் கையிலிருந்து போகும் இடம் இது.

பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா லேப்டாப்போடு வந்தார். காலாண்டு விற்பனை வழக்கத்தைவிட 11,000 பவுண் கூட. “தம்பி, இவ்வளவு வியாபாரம் நடந்திருந்தால் நான் ஏன் கடனில் நிற்கிறேன்?” என்றார். வரவுப் பட்டியலைத் தேதி வரிசையில் வைத்துக் கீழே இறக்கினேன். இரண்டே நாளில் பதினொரு வரவு, ஒவ்வொன்றும் சரியாக 1,000. பெயர்களைப் படித்ததும் அவரே சிரித்துவிட்டார். பன்னிரண்டு பேர் சீட்டு. அந்த மாதம் எடுத்தவர் அவர். ஆளாளுக்கு நேரடியாகக் கடைக் கணக்கிலேயே போட்டிருக்கிறார்கள். மென்பொருள் எல்லாவற்றையும் விற்பனையில் சேர்த்திருக்கிறது. இன்னும் கீழே போனால், மாதாமாதம் அவர் கட்டிய 1,000 சரக்குக் கொள்முதல் செலவில் கிடந்தது. இரண்டு பக்கமும் தப்பு.

வரவு கூடினால் பார்க்க வேண்டியவை இந்த வரிசையில்:

வட்டமான தொகைகள் முதலில். 500, 1,000, 5,000 என்று வருபவை பெரும்பாலும் சீட்டு, கைமாற்று, உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து நீங்களே மாற்றிய பணம். இவை விற்பனை இல்லை. “தொழில் சாராதது” என்றோ “சொந்தக் கணக்கு மாற்றம்” என்றோ உள்ள வகைக்கு மாற்றுங்கள். கழிவுச் சீட்டில் உங்களுக்கு லாபம் நின்றிருந்தால் அது தனிக் கேள்வி, கணக்காளரிடம் கேளுங்கள்.

அடுத்து இரட்டைப் பதிவு. பில்லை நீங்கள் கையால் பதிந்தீர்கள், அதே பணம் வங்கி வழியாகவும் வந்து சேர்ந்தது. ஒரே தொகை, ஓரிரு நாள் இடைவெளி. இரண்டையும் பொருத்திவிட வேண்டும். பொருத்தாமல் விட்டால் இரண்டு விற்பனை.

வாடகைக்காரர்கள் முன்பணத்தைப் பாருங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிய டெபாசிட் வாடகை இல்லை.

மென்பொருள் கற்றுக்கொண்ட விதிகள் கடைசியில். ஒருமுறை தப்பாக வகைப்படுத்தினால், அதே பெயரில் வரும் எல்லாவற்றையும் அப்படியே போடும். விதியை அழிக்காமல் பதிவை மட்டும் திருத்தினால் அடுத்த மாதம் மறுபடி வரும்.

உண்மையான மருந்து தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு. வீட்டுச் செலவும் சீட்டும் கல்யாண மொய்யும் ஒரே கணக்கில் ஓடுகிற வரை இந்தத் தலைவலி நிற்காது. கடைக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: ஒவ்வொரு விற்பனையையும் பதியத் தேவையில்லை, நாள் மொத்த விற்பனையைப் பதியும் முறையைத் தேர்ந்துகொள்ளலாம்.

*செலவு கூடி, வாடகை லாபம் நம்பமுடியாத அளவு குறைந்தால்:* மார்ட்கேஜைப் பாருங்கள். மாதம் கட்டும் முழுத் தொகையும் செலவில் கிடக்கும். அசல் செலவே இல்லை. குடியிருப்பு வீட்டின் வட்டியும் சாதாரணச் செலவில் வராது. அதற்குத் தனி வகை இருக்கிறது, அதற்கு 20 சதவீத வரிச் சலுகையாகத்தான் கழிப்பார்கள். வங்கியிடம் ஆண்டு வட்டி அறிக்கை கேளுங்கள்.

*எக்செலில் சரி, அனுப்பும்போது பூஜ்யம் என்றால்:* எக்செலிலிருந்து எடுத்து எச்எம்ஆர்சிக்கு அனுப்பும் இணைப்பு மென்பொருள் குறிப்பிட்ட கட்டத்தைத்தான் படிக்கும். நடுவில் ஒரு வரிசை செருகியிருந்தால் மொத்தம் ஒரு கட்டம் கீழே இறங்கியிருக்கும். அது இல்லை என்றால் எண்ணைப் பாருங்கள்: கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டியிருந்தால் எண், இடது ஓரத்தில் ஒட்டியிருந்தால் எக்செல் அதை எழுத்தாக எடுத்திருக்கிறது. பவுண் குறியையோ இடைவெளியையோ கையால் தட்டியதால் வருவது. அழித்துவிட்டு எண்ணை மட்டும் தட்டுங்கள். மொத்தத்தைக் காப்பி செய்து மென்பொருளில் ஒட்டுவது தீர்வாகாது. கணக்கிலிருந்து மென்பொருளுக்கு டிஜிட்டலாகவே போக வேண்டும் என்பது விதி.

ஆண்டு வரவு 90,000க்குக் கீழே என்றால் செலவை வகை வகையாகப் பிரித்து அனுப்பத் தேவையில்லை, மொத்தமாகக் காட்டலாம். கூட்டுச் சொத்துக்காரர்கள் காலாண்டில் வரவை மட்டும் காட்டிவிட்டுச் செலவை ஆண்டுக் கடைசியில் சேர்க்கலாம். இந்தச் சலுகைகள் தெரியாமல் இரவிரவாக ரசீது பிரிப்பவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

அறிகுறி: அனுப்பியதும் பெரிய வரித்தொகை காட்டுகிறது

பணம் கட்டாதீர்கள். அது மதிப்பீடு, பில் இல்லை. அதுவரை போன கணக்கை வைத்துப் போட்டது. உங்கள் சம்பளம், பிடித்த வரி, சிஐஎஸ் பிடித்தம், ஆண்டுக் கடைசிச் சலுகைகள் அதில் முழுமையாக இருக்காது. வரி கட்டும் நாள்கள் எம்டிடியால் மாறவில்லை: 31 ஜனவரி, முன்பணம் கட்டுபவர்களுக்கு 31 ஜூலையும்.

ஆனால் மதிப்பீடு பொருந்தவே பொருந்தாத அளவு கூட என்றால் மேலே உள்ள “வரவு கூடுதல்” தலைப்புக்குத் திரும்பிப் போங்கள்.

அறிகுறி: அனுப்பிய பிறகு பிழை கண்டுபிடித்தேன்

பதற வேண்டாம். ஒவ்வொரு காலாண்டு அறிக்கையும் ஆண்டின் முதல் நாளிலிருந்து அதுவரையான மொத்தம். முதல் காலாண்டில் விட்ட பெட்ரோல் ரசீதைப் பதிவில் சேர்த்தால் அடுத்த அறிக்கையில் தானாக வந்துவிடும். வேண்டுமென்றால் திருத்தி உடனே மறுபடி அனுப்பலாம். கவனமாக இருக்க வேண்டியது ஆண்டுக் கடைசிக் கணக்கில். 2026-27க்கான அது 31 ஜனவரி 2028க்குள் போக வேண்டும், நீங்கள் உறுதிமொழி கொடுத்து அனுப்புவது.

அறிகுறி: கடைசித் தேதி தாண்டிவிட்டது

2026-27இல் கட்டாயமாக உள்ளே வந்தவர்களுக்கு அந்த ஆண்டின் காலாண்டு அறிக்கை தாமதமானால் தண்டப் புள்ளி விழாது. ஆனால் நான்கும் போகாமல் ஆண்டுக் கணக்கை முடிக்க முடியாது. விட்டதை அனுப்பித்தான் ஆக வேண்டும். அதன்பின் வரும் ஆண்டுகளில் ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு புள்ளி, நான்கு புள்ளி சேர்ந்தால் 200 பவுண் அபராதம்.

இங்கே அடிக்கடி நடக்கும் இன்னொரு விபத்து: எம்டிடியில் சேர்ந்துவிட்டோமே என்று 2025-26 கணக்கை மறந்துவிடுவது. அது பழைய முறையிலேயே 31 ஜனவரி 2027க்குள் போக வேண்டும்.

வரி கட்டப் பணமே இல்லை என்பது மென்பொருள் கோளாறு இல்லை. தவணை கேட்டு எச்எம்ஆர்சியை அழையுங்கள், நாள் தாண்டுவதற்கு முன்பே.

அறிகுறி: கணக்காளருக்கு உங்கள் பெயர் தெரியவில்லை

நீங்கள் அவருக்கு பழைய முறையில் கொடுத்த அனுமதி, எம்டிடிக்கு வேண்டிய அவருடைய புதிய ஏஜன்ட் கணக்கில் இன்னும் இணைக்கப்படாமல் இருக்கும். அதைச் செய்வது அவர் வேலை, கேளுங்கள். இணைக்க முடியாவிட்டால் அவர் ஒரு லிங்க் அனுப்புவார். அதை உங்கள் சொந்தக் கேட்வே ஐடியில் நுழைந்து ஒப்புக்கொள்ள வேண்டும். வாட் ஐடியில் நுழைந்து ஒப்புக்கொண்டால் மறுபடி அதே கதை.

இருவர் உங்கள் கணக்கைப் பார்க்கிறார்களா? முதன்மை ஏஜன்ட் ஒருவர்தான் இருக்க முடியும். காலாண்டு வேலை பார்ப்பவர் துணை ஏஜன்டாக இருக்கலாம். புதியவரை முதன்மையாக ஒப்புக்கொண்டதும் பழையவர் வெளியே போய்விடுவார். பழையவர் திடீரென்று “தெரியவில்லை” என்றால் அதைப் பாருங்கள்.

“உங்கள் ஐடியும் பாஸ்வேர்டும் கொடுங்கள், நான் உள்ளே போய்ச் செய்கிறேன்” என்று சொல்பவரிடம் கணக்கைக் கொடுக்காதீர்கள். முறையான ஏஜன்டுக்கு அது தேவையே இல்லை. பணச்சலவைத் தடுப்புக்கு எந்த அமைப்பின் கண்காணிப்பில் இருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். முறையாகத் தொழில் செய்பவர் உடனே பதில் சொல்வார். சொந்தக்காரர், கோயிலில் பழக்கம் என்பதால் கேட்கக் கூச்சப்படாதீர்கள். திரும்பவராத ரீஃபண்ட் ஒன்றுக்காக என் மேசைக்கு முன்னால் அழுதவரைப் பார்த்த பிறகு நான் இதை எல்லோரிடமும் சொல்கிறேன். உங்கள் லாகினில் நுழைந்தவர் உங்கள் வங்கி விவரத்தையும் மாற்றலாம்.

அறிகுறி: கம்ப்யூட்டரே தொட முடியாது

கண் பார்வை, வயது, நோய், இணையமே எட்டாத இடம் போன்ற காரணங்களால் டிஜிட்டலாகச் செய்யவே இயலாதவர் விலக்கு கேட்கலாம். போனிலோ கடிதத்திலோ எச்எம்ஆர்சியிடம் கேட்க வேண்டும். காரணத்தை உங்கள் நிலைமையோடு விளக்கிச் சொல்லுங்கள். “பழக்கமில்லை, சிரமம்” என்பது மட்டும் போதாது. “சர்க்கரையால் பார்வை குறைந்துவிட்டது, திரையைப் படிக்க முடியாது, வீட்டில் உதவ ஆள் இல்லை” என்பது காரணம். ஆங்கிலத்தில் பேச முடியாத அப்பாவுக்காக மகளோ மகனோ பேசலாம். அழைப்பின்போது அப்பா பக்கத்தில் இருந்து சம்மதம் சொல்ல வேண்டும்.

விலக்கு கிடைத்தால் வழக்கமான ஆண்டு வரிக்கணக்கு தொடரும். கிடைக்கவில்லை, கணக்காளருக்குக் கொடுக்கவும் வசதி இல்லை என்றால் டாக்ஸ்எய்ட் என்ற அறக்கட்டளை குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசமாக உதவுகிறது. 60 வயது தாண்டியவர்களுக்கு டாக்ஸ் ஹெல்ப் ஃபார் ஓல்டர் பீப்பிள் இருக்கிறது. போகும்போது எச்எம்ஆர்சி அனுப்பிய கடிதங்களை உறை பிரிக்காதவை உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.